லாப் எங்க கத்துக்கறது: ஷார்ட் கோர்ஸா, ஃபெல்லோஷிப்பா, சீனியர் பக்கத்துல நின்னா, இல்ல நேரா ரோபோவா?

ஜெனரல் சர்ஜரி முடிக்கப்போறவங்க எல்லாரும் ஒரு கட்டத்துல கேக்கற கேள்விதான் இது, "அடுத்து லேப்ரோஸ்கோபி கத்துக்கணும், எந்த வழில போலாம்?" லேப்ரோஸ்கோபின்னா, சுருக்கமா லாப், வயித்துல சின்ன ஓட்டை போட்டு கேமராவும் நீளமான கருவியும் உள்ள விட்டு, ஸ்க்ரீனை பாத்து பண்ற ஆபரேஷன். நாலு வழி இருக்கு. சில நாள்லேர்ந்து ஒரு மாசம் வரைக்கும் ஓடுற ஷார்ட் கோர்ஸ் ஒண்ணு முடிச்சிட்டு சொந்தமா ஆரம்பிக்கறது, கேஸ் குவியற ஒரு யூனிட்ல ஒண்ணு ரெண்டு வருஷம் ஃபெல்லோஷிப் பண்றது, நல்லா லாப் பண்ற சீனியர் ஒருத்தர்கிட்ட வேலைக்கு சேந்து கூடவே நின்னு கத்துக்கறது, அப்புறம் இப்ப புதுசா கிளம்பியிருக்கற நாலாவது வழி, "எதுக்கு சார் இந்த நேர் குச்சியெல்லாம், நேரா ரோபோக்கே போயிடலாமே"ங்கறது. பெரும்பாலும் எல்லாரும் இதை சர்டிஃபிகேட் பேரை வெச்சோ மெஷினை வெச்சோதான் எடை போடறாங்க. நான் பாக்கறது ரெண்டே விஷயம்தான், உங்க கை எத்தனை கேஸ்ல உள்ள போகும், கை தடுமாறும்போது பக்கத்துல யாரு நிப்பாங்க. இந்த ரெண்டுக்கும் சரியான பதில் இருந்தா மத்ததெல்லாம் சில்லறை விஷயம்.

முதல்ல ஒண்ணு தெளிவாக்கிடறேன், ஓபன்ல, அதாவது வயித்தை நீளமா வெட்டி பண்ற ஆபரேஷன்ல, கில்லாடியா இருக்கறவனுக்கு லாப் தானா வந்துடும்னு ஒரு நெனப்பு இன்னும் சுத்திக்கிட்டு இருக்கு, வராது. வயித்துச் சுவர்ல போட்ட ஓட்டைதான் இங்க அச்சு, கையை இடது பக்கம் கொண்டுபோனா உள்ள நுனி வலது பக்கம் போகும், துடுப்பு போடற மாதிரி. கண்ணு ஸ்க்ரீன்ல, கை வேற எங்கயோ, ஆழம் தெரியாத தட்டையான படம், விரலால தொட்டுப் பாத்து "ஆங், இதுதான் ஆர்ட்டரி"ன்னு சொல்ற வசதியும் கிடையாது. மூளை இதுக்கெல்லாம் புதுசா பழகணும், அதுக்கு நேரம் ஆகும்.

அந்த நேரத்தை யாரு செலவுல கழிக்கறோம்ங்கறதுதான் இந்த முடிவோட முழு கதையும். பழைய கதை ஒண்ணு இருக்கு. 1985 செப்டம்பர்ல ஜெர்மனில பெப்ளிங்கன்ங்கற ஊர்ல எரிக் மூஹே முதல் தடவையா லேப்ரோஸ்கோபில பித்தப்பையை எடுத்தார், அடுத்த வருஷம் அங்க சர்ஜன்கள் மாநாட்டுல சொன்னப்ப யாரும் மதிக்கல. 1987ல லியான்ல பிலிப் மூரே பண்ணினதுக்கப்புறம்தான் காட்டுத்தீ மாதிரி பரவுச்சு, ரெண்டு மூணு வருஷத்துக்குள்ள உலகம் முழுக்க சர்ஜன்கள் வார இறுதி கோர்ஸ் ஒண்ணு போயிட்டு திங்கக்கிழமை ஆரம்பிச்சுட்டாங்க. விளைவு என்னன்னா பித்தநாள காயம், ஈரல்லேர்ந்து குடலுக்கு பித்தம் போற குழாய் அறுந்துபோறது. 1991ல அமெரிக்காவுல சதர்ன் சர்ஜன்ஸ் கிளப் 1518 கேஸை தொகுத்து வெளியிட்டாங்க, அதுல ஒவ்வொரு குழுவோட முதல் 13 பேஷண்ட்ல பித்தநாள காயம் 2.2 சதவீதம், அதுக்கப்புறம் வந்தவங்களுக்கு 0.1 சதவீதம். அதாவது அந்த முதல் 13 பேர்தான் பாடப்புத்தகமா இருந்திருக்காங்க. பித்தநாளம் அறுந்தா என்ன ஆகும்னு நமக்கு தெரியும், திரும்ப திரும்ப ஆபரேஷன், ஸ்டென்ட், காய்ச்சல், மஞ்சக்காமாலைன்னு வருஷக்கணக்கா இழுக்கும். இதை மனசுல வெச்சுக்கிட்டுதான் நாலு வழியையும் பாக்கணும்.

ஷார்ட் கோர்ஸை பத்தி நிறைய பேர் கேவலமா பேசுவாங்க, நான் பேச மாட்டேன். நல்ல கோர்ஸ்னா பேசிக் எல்லாத்தையும் ஒழுங்கா வரிசையா சொல்லித்தரும், முதல்ல வயித்துக்குள்ள எப்படி போறது, வெரஸ் ஊசியை குத்தியா இல்ல ஹாசன் முறைல சின்னதா வெட்டி கண்ணால பாத்தா, வயித்தை உப்ப வெக்கற வாயுவோட பிரஷர் ஏன் 12லேர்ந்து 15 மில்லிமீட்டர் பாதரசத்துக்குள்ள வெக்கறோம், கார்பன் டை ஆக்சைடு ஏன், எலக்ட்ரிக் கரண்ட் இன்சுலேஷன் கிழிஞ்ச இடத்துல எப்படி ஸ்க்ரீன்ல தெரியாத குடலை சுடும், இதெல்லாம். இதை ரெசிடென்சில யாரும் உக்காந்து சொல்லித் தந்திருக்க மாட்டாங்க. அப்புறம் பாக்ஸ் ட்ரெய்னர், பெட்டிக்குள்ள கேமரா வெச்சு லாப் கருவியால பழகற அமைப்பு. எஃப்எல்எஸ்ங்கற லாப் அடிப்படைத் திறன் தேர்வுல வர்ற அஞ்சு பயிற்சி இருக்கே, குச்சிலேர்ந்து குச்சிக்கு ரப்பர் மாத்தறது, காஸ் துணியை வட்டமா வெட்டறது, லூப் போடறது, வெளிய முடிச்சு போட்டு உள்ள தள்றது, உள்ளயே முடிச்சு போடறது, இந்த அஞ்சும் சும்மா விளையாட்டு மாதிரி தெரியும், ஆனா கடைசி ஒண்ணுல உக்காந்து பாருங்க. ஊசியை சரியான கோணத்துல புடிக்கறதுக்கே மூச்சு வாங்கும், இடது கை நூலை புடிச்சிருக்கும்போது வலது கை நுனியை சுத்தி ரெண்டு சுத்து போடணும், போட்டு வால் நுனியை புடிக்கப் போறப்ப சுத்து நழுவி விழுந்துடும், திரும்ப முதல்லேர்ந்து. வால் ரொம்ப நீளமா விட்டதுதான் காரணம்னு பக்கத்துல நிக்கறவர் சொன்னாதான் தெரியும், இல்லன்னா ராத்திரி முழுக்க கையை திட்டிக்கிட்டு இருப்போம். ரெண்டு சென்டிமீட்டருக்கு மேல வால் விடாதீங்க, ஊசியை விட்டுடாதீங்க, சுத்தறது வலது கை இல்ல, அசையாம நிக்கற குச்சியை சுத்தி நூலைத்தான் கொண்டுவரணும்.

சிமுலேட்டர்ல பழகினது நிஜ ஆபரேஷன்ல உதவுமான்னு கேட்டா, உதவும், அதுக்கு ஆதாரம் இருக்கு. 2002ல அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகத்துல ட்ரெய்னிங்ல இருந்த 16 ரெசிடென்ட் டாக்டர்களை ரெண்டா பிரிச்சு பாதி பேருக்கு மட்டும் விஆர் (கம்ப்யூட்டர்ல நிஜம் மாதிரி காட்டற) சிமுலேட்டர் பயிற்சி குடுத்து அப்புறம் நிஜ பித்தப்பை கேஸ்ல விட்டாங்க, பழகினவங்க 29 சதவீதம் வேகமா பண்ணினாங்க, பழகாதவங்க பித்தப்பையை கிழிக்கறதும் தேவையில்லாத இடத்தை சுடறதும் அஞ்சு மடங்கு அதிகம். ஸோ பாக்ஸ்ல உக்காருங்க, விலையுயர்ந்த சிமுலேட்டர்லாம் வேண்டாம், ஒரு பெட்டி, ஒரு வெப்கேம், பழைய இன்ஸ்ட்ருமென்ட் ரெண்டு போதும், தினம் கொஞ்ச நேரம்.

ஆனா கோர்ஸோட எல்லை எங்க வருதுன்னா, பாக்ஸ்ல ரத்தம் வராது. வீங்கிப்போன, சுத்தி எல்லாம் ஒட்டிப்போன, புடிச்சா கிழியற பித்தப்பை எந்த கோர்ஸ்லயும் வராது, டெமோ கேஸ்க்கு எப்பவும் மெல்லிசா நல்ல பேஷண்டாதான் எடுப்பாங்க. அதனால கோர்ஸ் மட்டும் முடிச்சிட்டு தனியா ஆரம்பிக்கறது எனக்கு ஒத்துக்கவே முடியாத ஆப்ஷன். வேற வழியே இல்லாத சூழ்நிலைன்னா ஒரே ஒரு கண்டிஷன், முதல்ல வர்ற கேஸ்களுக்கு அனுபவம் உள்ளவர் ஒருத்தரை ப்ராக்டரா, அதாவது கூட நின்னு மேற்பார்வை பாக்கறவரா, கூப்பிட்டு எதிர்ல நிக்க வெச்சுக்கணும். அதுக்கு கூச்சப்படறவங்க இந்த வேலைக்கு வராம இருக்கறது பேஷண்டுக்கு நல்லது.

அடுத்து ஃபெல்லோஷிப். பேப்பர்ல பாத்தா இதுதான் பெஸ்ட், பெரிய யூனிட், எல்லா வகை கேஸும், புது மெஷின், காலைல மீட்டிங், சாயங்காலம் வீடியோ டிஸ்கஷன். நடைமுறைல ரெண்டு ஃபெல்லோஷிப் இருக்கு. ஒண்ணு நிஜமாவே கை குடுக்கற இடம். இன்னொண்ணு வருஷம் முழுக்க கேமரா புடிக்க ஆள் வேணும்னு எடுக்கற இடம். வெளியிலேர்ந்து பாத்தா ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, சர்டிஃபிகேட்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

கேமரா புடிக்கறதை நான் குறைச்சு சொல்லல. நல்ல கேமரா புடிக்கத் தெரிஞ்சவன் பாதி ஆபரேஷன் கத்துக்கிட்டவன். 30 டிகிரி ஸ்கோப்ல லைட் கேபிளை எந்த பக்கம் திருப்பினா எந்த பக்கம் எட்டிப் பாக்கலாம், அடிவானம் சாயாம எப்படி வெச்சுக்கறது, சர்ஜன் கத்தரியை உள்ள விடும்போது பின்னாடி வாங்கி நுனியை தேடி கூட்டிட்டு வர்றது, டிசெக்‌ஷன் நேரத்துல நெருங்கிப் போறது, லென்ஸ் மங்கினா அவர் சொல்றதுக்கு முன்னாடியே வெந்நீர்ல துடைச்சிட்டு வந்து நிக்கறது, இதெல்லாம் பண்றப்பதான் சர்ஜன் அடுத்து என்ன யோசிக்கறார்னு மண்டைல ஏறும். ஆனா அது கொஞ்ச மாசம். ஆறு மாசத்துக்கப்புறமும் உங்க கைல கேமரா மட்டும்தான் இருக்குன்னா அங்க நீங்க கத்துக்கல, சம்பளம் கம்மியான ஸ்டாஃப் வேலை பாக்கறீங்க.

இன்னொரு விஷயம் கேஸ் வகை. உங்களுக்கு பின்னாடி வாழ்க்கைல தினம் வரப்போறது பித்தப்பை, ஹெர்னியா, அப்பெண்டிக்ஸ், அப்பப்ப குடல்ல ஓட்டை. ரெண்டு வருஷம் பேரியாட்ரிக், அதாவது உடல் எடை குறைக்கற ஆபரேஷன், மட்டும் பாத்துட்டு வந்தா அங்க பாத்த ஸ்டேப்ளர் வரிசை எதுக்கும் உதவாது. ஹெர்னியாவை சாதாரணமா நெனைக்காதீங்க, 2004ல அமெரிக்க ராணுவ வீரர் ஆஸ்பத்திரிகள்ல மெஷ்ங்கற வலையை ஓபன்ல வெக்கறதையும் லாப்ல வெக்கறதையும் ஒப்பிட்டு ஒரு பெரிய ட்ரையல் பண்ணாங்க, ரெண்டு வருஷத்துல திரும்ப வந்தது லாப்ல 10.1 சதவீதம், ஓபன்ல 4.9 சதவீதம். லாப் தோத்துடுச்சுன்னு அப்ப ஒரே பேச்சு. ஆனா 250க்கு மேல லாப் ஹெர்னியா பண்ணியிருந்த சர்ஜன்களை மட்டும் தனியா எடுத்துப் பாத்தா வித்தியாசம் சுருங்கிடுது. 250ங்கற நம்பரை புனிதமா எடுத்துக்க வேண்டாம், விஷயம் என்னன்னா இடுப்புக்கு உள்பக்கத்துலேர்ந்து தெரியற அனாடமி நாம காலேஜ்ல படிச்ச அனாடமி கிடையாது, அது கண்ணுக்கு பழகவே நிறைய கேஸ் வேணும், வருஷத்துக்கு பத்து ஹெர்னியா வர்ற இடத்துல அது பழகாது.

மூணாவது வழி, சீனியர் பக்கத்துல நின்னு கத்துக்கறது. பேர் இல்லாத வழி, சர்டிஃபிகேட் கிடையாது, ப்ரொஃபைல்ல போட்டுக்க ஒண்ணும் இல்ல. என்கிட்ட கேட்டா, சரியான ஆள் கிடைச்சா இதுதான் எல்லாத்தையும் விட நல்ல வழி, அதை நான் ஒளிச்சு மறைச்சு சொல்லப்போறதில்ல.

ஏன்னா நல்ல டீச்சர் ஆபரேஷனை துண்டு துண்டா பிரிச்சு பின்னாலேர்ந்து குடுப்பார். பித்தப்பை கேஸ்ல முதல்ல உங்க கைக்கு வர்றது கடைசி கட்டம், நாளமும் ரத்தக்குழாயும் க்ளிப் போட்டு வெட்டி முடிஞ்சதுக்கப்புறம் பையை ஈரல்லேர்ந்து உரிச்சு எடுக்கறது, அங்க கொஞ்சம் தப்பு நடந்தாலும் சமாளிச்சுடலாம், கொஞ்சம் பித்தம் கொட்டும், கழுவிக்கலாம். அது கை வந்ததும் போர்ட் போடறது, அதாவது கருவி நுழையற குழாயை வயித்துச் சுவர்ல வெக்கறது, அப்புறம்தான் மேல ஏறி கேலட் முக்கோணம், பித்தப்பையோட நாளமும் ரத்தக்குழாயும் இருக்கற இடம். அங்க வந்து நிக்கறப்ப க்ளிப் போடறதுக்கு முன்னாடி பாக்கணும்னு ஸ்ட்ராஸ்பெர்க்ங்கற சர்ஜன் 1995ல சொன்ன மூணு கண்டிஷனும் வாயால சொல்ல வெப்பார். முக்கோணத்துல கொழுப்பும் நாரும் முழுசா எடுத்தாச்சா, பையோட கீழ்ப்பகுதி மூணுல ஒரு பங்கு ஈரல்லேர்ந்து பிரிஞ்சு நிக்குதா, பைக்குள்ள போறது ரெண்டே ரெண்டு குழாய்தானா. மூணுக்கும் ஆமான்னு ஸ்க்ரீனை காட்டி சொல்ற வரைக்கும் க்ளிப் அப்ளையரை நர்ஸ்கிட்டேர்ந்து வாங்கவே விடமாட்டார். "கிட்டத்தட்ட தெரியுது சார்"னு சொன்னா "கிட்டத்தட்டன்னா எத்தனை குழாய்?"னு கேப்பார், அப்ப வர்ற எரிச்சல் இருக்கே, அந்த எரிச்சல்தான் பின்னாடி நடுராத்திரி தனியா நிக்கும்போது கையை புடிச்சு நிறுத்தும்.

இந்த வழியோட இன்னொரு லாபம், மூணு கண்டிஷனும் வராத கேஸ்ல அவர் என்ன பண்றார்னு பக்கத்துல இருந்து பாக்கலாம். சில பேர் பையோட கழுத்தை தொடாம பாதியை வெட்டி எடுத்துட்டு வெளிய வந்துடுவாங்க, சில பேர் சாயம் விட்டு எக்ஸ்ரே எடுப்பாங்க, சில பேர் ஓபன் பண்ணிடுவாங்க, இன்னொரு சர்ஜனை உள்ள கூப்பிடறவரும் உண்டு. எந்த கோர்ஸ்லயும் இதை சொல்லுவாங்க, ஆனா பெரிய பேர் உள்ள ஒருத்தர் ஈகோ பாக்காம "இது முடியாது, நிறுத்திக்கலாம்"னு சொல்றதை நேர்ல பாக்கறது வேற.

இதுல ஆபத்தும் இருக்கு, ஆள் தப்பா அமைஞ்சா முழு வருஷமும் போச்சு. அஞ்சு நிமிஷத்துல கையிலேர்ந்து கருவியை புடுங்கற சீனியர் இருக்காங்க, திட்டறதையே டீச்சிங்னு நெனைக்கறவங்க இருக்காங்க. அதவிட நைசான ஆபத்து என்னன்னா, அவரோட கெட்ட பழக்கமும் சேந்து வந்துடும், அவர் ஒரே ஸ்டைல் பண்றவர்னா உங்களுக்கும் அந்த ஒண்ணுதான் தெரியும். வீடியோதான் இதுக்கு மருந்து. ஒவ்வொரு கேஸும் ரெக்கார்ட் பண்ணுங்க, பேஷண்ட் சம்மதத்தோட, அடையாளம் இல்லாம, அதை வேற யாராவது ஒருத்தர்கிட்ட காட்டுங்க. 2013ல மிச்சிகன்ல 20 பேரியாட்ரிக் சர்ஜன்கள் ஆளுக்கு ஒரு வீடியோ குடுத்து, பேர் தெரியாம மத்த சர்ஜன்கள் மார்க் போட்டாங்க, அப்புறம் அவங்க பேஷண்ட்களோட ரிசல்ட்டோட ஒப்பிட்டுப் பாத்தா, மார்க்ல கடைசி கால்வாசி இருந்தவங்களுக்கு சிக்கல் 14.5 சதவீதம், மேல் கால்வாசிக்கு 5.2 சதவீதம். ஒரே ஒரு வீடியோ பாத்து கூட வேலை செய்யறவங்களால சொல்ல முடிஞ்சிருக்கு, ஆனா பண்ணினவருக்கு தெரிஞ்சிருக்குமாங்கறது சந்தேகம்தான்.

சரி, ரோபோ. இதுல சண்டை நிறைய இருக்கு, நான் நடுநிலைன்னு சொல்லிக்க மாட்டேன், ஆனா நியாயமா சொல்றேன். மெஷின் அருமையான மெஷின். சாதாரண லாப் கருவிக்கு நாலு திசை அசைவுதான், ரோபோ கருவிக்கு மணிக்கட்டு இருக்கு, ஏழு வரைக்கும் போகும், கை நடுக்கம் வடிகட்டிடும், முப்பரிமாணத்துல தெரியும், அந்த துடுப்பு கணக்கு கிடையாது, நான் மேல பொலம்பின அந்த உள் முடிச்சு இதுல ஒரே வாரத்துல வந்துடும். கழுத்து வலிக்காம உக்காந்து பண்ணலாம், இது சின்ன விஷயம்னு முப்பது வயசுல தோணும். சர்ஜன் உக்காந்து ரோபோவை இயக்கற கன்சோல்லயே சிமுலேட்டர் இருக்கு, மார்க் போட்டு காட்டும். ரெண்டு கன்சோல் இருந்தா டீச்சர் ஒரு பட்டன்ல கட்டுப்பாட்டை வாங்கிக்கலாம், கத்துக்குடுக்க இதைவிட பாதுகாப்பான அமைப்பு கிடையாது. ப்ராஸ்டேட், இடுப்புக்குள்ள ஆழமான வேலைன்னா நியாயமான தேர்வு.

ஆனா டா வின்சிங்கற ரோபோ மெஷினுக்கு 2000ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சதுலேர்ந்து இத்தனை வருஷம் ஆகியும், பேஷண்டுக்கு இது லாப்பை விட மேல்னு எல்லா ஆபரேஷன்லயும் காட்டிட முடியல. மலக்குடல் கேன்சர்ல 2017ல வந்த ரோலார் ட்ரையல்ல ஓபனுக்கு மாத்த வேண்டி வந்தது ரோபோல 8.1, லாப்ல 12.2 சதவீதம், பாக்க வித்தியாசம் மாதிரி இருக்கும், புள்ளியியல்படி தற்செயலா வந்திருக்கலாம்ங்கற அளவுதான். சின்ன ஓட்டைன்னாலே நல்லதுன்னு கண்ணை மூடிட்டு போகவும் கூடாது, 2018ல கர்ப்பப்பை வாய் கேன்சருக்கு ராடிக்கல் ஹிஸ்டரெக்டமி (கர்ப்பப்பையை சுத்தியிருக்கற திசுவோட எடுக்கறது) ட்ரையல்ல நாலரை வருஷத்துல நோய் திரும்பாம இருந்தது ஓபன்ல 96.5, லாப்பும் ரோபோவும் சேந்த குழுல 86 சதவீதம். ஓட்டை சின்னதா போட்டவங்களுக்குத்தான் கேன்சர் அதிகமா திரும்பிச்சு, இதை யாருமே எதிர்பாக்கல.

நேரா ரோபோக்கு போறவங்களுக்கு என்னோட கவலை வேற. நீங்க வேலைக்கு போற இடத்துல அந்த மெஷின் இருக்குமா, இருந்தா வாரத்துல எத்தனை நாள் உங்களுக்கு கிடைக்கும், ராத்திரி ரெண்டு மணிக்கு அப்பெண்டிக்ஸ் வந்தா யாரு அதை ஆன் பண்ண வருவாங்க? மெஷின் இல்லாத இடத்துல ரோபோ மட்டும் தெரிஞ்ச சர்ஜன் திரும்ப நீள வெட்டுக்குத்தான் போவார். தொடு உணர்ச்சி பெரும்பாலான மெஷின்ல கிடையாது, இப்ப வர்ற புது மாடல்ல விசை உணர்ற கருவி வந்திருக்கு, ஆனா எல்லா இடத்துலயும் அது இருக்கப்போறதில்ல, திசு எவ்வளவு இழுபடுதுன்னு கண்ணால படிக்கற பழக்கம் லாப்ல வந்தவங்களுக்கு ஏற்கனவே இருக்கும். லாப் தெரிஞ்சவர் ரோபோக்கு மாறறது சுலபம், திருப்பி வர்றது கஷ்டம், அதனால வரிசை லாப், அப்புறம் ரோபோ. ப்ராஸ்டேட், சிறுநீர்ப்பாதை பாக்கற யூராலஜி போறவங்க இதை படிச்சுட்டு என்கூட சண்டைக்கு வரலாம், அவங்க கணக்கு வேற.

ஓபன் பத்தி யாரும் கேக்கறதில்ல, நான்தான் கேக்கணும். இப்ப ட்ரெய்னிங் முடிக்கறவங்க பல பேர் ஓபன்ல பித்தப்பை எடுத்ததே விரல் விட்டு எண்ணற அளவுதான், ஆனா லாப்ல முடியாம ஓபனுக்கு மாத்தற கேஸ் எதுன்னா இருக்கறதுலயே கஷ்டமான கேஸ். எந்த யூனிட்டை தேர்ந்தெடுத்தாலும் எமர்ஜென்சி ஓபன் கேஸ் வர்ற இடமா பாத்துக்கோங்க, லாப் மட்டுமே பண்ற பளபளப்பான சென்டர்ல இந்தக் குறை தீராம அப்படியே நிக்கும்.

இப்ப யாருக்கு எதுன்னா, ரெசிடென்சிலயே நிறைய பித்தப்பையும் அப்பெண்டிக்ஸும் கையால பண்ணினவங்களுக்கு ஃபெல்லோஷிப் கட்டாயம் இல்ல, ஹெர்னியாவுக்கும் உள்ள தையல் போடறதுக்கும் ஒரு ஷார்ட் கோர்ஸ் போயிட்டு நல்ல சீனியர்கிட்ட சேருங்க. ரெசிடென்சில கேமராவை தாண்டாதவங்க ஃபெல்லோஷிப்தான் போகணும், குடும்பம் வருமானம்னு நெருக்கடி இருந்தா ரெண்டு வருஷம் வேண்டாம், ஒரு வருஷம், ஆனா கை குடுக்கற இடம். மலக்குடல், மேல்வயிறு கேன்சர்னு ஆழமா போக ஆசைன்னா ரெண்டு வருஷம் போயிட்டு அதுலயே ரோபோவையும் சேத்துக்கோங்க.

சேர்றதுக்கு முன்னாடி அந்த யூனிட்ல ஒரு நாள் முழுக்க ஆபரேஷன் தியேட்டர்ல போய் நில்லுங்க, இன்டர்வியூல சொல்றதை நம்பாதீங்க. மானிட்டர் சர்ஜனுக்கு நேரா கண் மட்டத்துக்கு கொஞ்சம் கீழ இருக்கா இல்ல எல்லாரும் கழுத்தை திருப்பிக்கிட்டு நிக்கறாங்களான்னு பாருங்க, கத்துக்குடுக்கறதுல அக்கறை உள்ள இடம் இந்த மாதிரி சின்ன விஷயத்துலயே தெரிஞ்சுடும். ரத்தம் வந்தப்ப ரூம்ல சத்தம் ஏறுதா இறங்குதான்னு கவனிங்க. ஃபெல்லோ கைல கருவி எந்த கட்டத்துல வருது, எந்த கட்டத்துல போகுதுன்னு பாருங்க. மத்தியானம் டீ டைம்ல போன வருஷம் முடிச்ச ஃபெல்லோவோட லாக் புக், அதாவது பண்ணின கேஸ் எல்லாம் எழுதி வெக்கற புக், பாக்கலாமான்னு கேளுங்க, அதுல அசிஸ்டன்ட்னு போட்டது எத்தனை, சர்ஜன்னு போட்டது எத்தனைன்னு தனித்தனியா எண்ணுங்க. லாக் புக் காட்ட தயங்கினா அந்த ஃபெல்லோவோட நம்பர் வாங்கி நேராவே பேசிடுங்க, முடிச்சு வெளிய போனவங்க பொதுவா பொய் சொல்ல மாட்டாங்க.